இருபத்து நான்கு மணி, நாற்பது நிமிடம்

நான் அவளுக்கு எழுதிய மெமோக்கள் மொத்தம் பதினொன்று. பத்து, தாமதமாக வந்ததற்கு. பதினொன்றாவது, வேலை நேரத்தில் தூங்கியதற்கு.

நகரத்துக்குக் குடிநீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஷிஃப்ட் அதிகாரி. யார் எந்த வாரம் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று அட்டவணை போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அதற்காக எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை ஒரு ஷிஃப்ட், இரண்டு முதல் பத்து வரை ஒன்று, பத்திலிருந்து மறுநாள் ஆறு வரை இன்னொன்று. வாரம் ஒன்றாக எல்லோருக்கும் மாறி மாறி வரும். தண்ணீருக்கு விடுமுறை கிடையாது, எங்களுக்கும் அப்படித்தான்.

அவள் பரிசோதனை அறையில் இருந்தாள். மணிக்கு ஒருமுறை குழாயைத் திறந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதில் ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் எவ்வளவு அழுத்தமோ, தண்ணீரில் அவ்வளவு குளோரின். அந்த அளவைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதிகமானால் ஊர் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். குறைந்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சின்ன வேலைபோலத் தெரியும், சின்ன வேலை இல்லை.

அவளுக்கு நிலையத்தில் 'அரைமணி' என்று பேர். சேர்ந்த புதிதில் போன் செய்து "அரை மணி நேரத்துல வந்துடறேன் சார்" என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பேர். பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பம்ப் அண்ணன்தான் வைத்தார். அவளும் அதைக் கோபித்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டாள். கோபித்துக்கொள்ளும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்திருப்பாள்.

எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலுக்குக் காரணம் தாமதம் மட்டுமில்லை. சில வாரங்களில் அவள் பம்பரம். ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி முன்பே வந்து, குப்பிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்து, வடிகட்டித் தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை போய், எந்தத் தொட்டியில் கலங்கல் கூடுகிறது என்று கருவி சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுவாள். உட்கார்ந்து பார்க்க முடியாது. பேசும்போதும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே நிற்பாள். அதே பெண் இரண்டு வாரம் கழித்து முகமெல்லாம் வீங்கி, தலைமுடி ஒரு பக்கம் படிந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். முடியாதவள் என்றால் எப்போதும் முடியாதவளாக இருக்க வேண்டும் இல்லையா? முடிகிறவளுக்கு என்ன வந்தது? அந்த நல்ல வாரங்கள்தான் அவளுக்குப் பகையாக இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு நாங்கள் யாரும் அவளை நம்பவில்லை.

அவள் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பள்ளியில் முதல் பாடவேளை என்ன பாடம் என்றே பல மாதம் தெரியாமல் படித்தவள். அவளுடைய அக்காதான் எழுப்பிவிடுவாள். முதலில் கூப்பிடுவாள், பிறகு போர்வையை உருவுவாள், பிறகு முகத்தில் தண்ணீர். "எருமைகூட ஒரு சத்தத்துக்கு எந்திரிக்கும்டி" என்பது அந்த வீட்டின் காலைப் பாட்டு. ராத்திரி சீக்கிரம் படுத்தால் காலையில் எழுந்திரிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் எட்டு மணிக்கே படுத்துப் பார்த்தாள். தூக்கம் தன் நேரத்துக்குத்தான் வந்தது. அந்த நேரம் எப்போது என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. இந்த வாரம் பத்தரை என்றால் அடுத்த வாரம் விடிகிற நேரம். அதற்கும் அடுத்த வாரம் நட்டநடுப் பகல்.

படிப்பு முடிந்து ஒரு மருந்துக் கடையில் சேர்ந்து நீக்கப்பட்டாள். மழலையர் பள்ளியில் நீக்கப்பட்டாள். ஒரு அச்சகத்தில் அவளே நின்றுகொண்டாள். கல்யாணம் ஆனது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் ஒன்பது மணிதான், அதில் ஒரு நிமிடம் முன்னே பின்னே இருக்காது. அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படிப்பட்ட மனைவி. அலாரம் வைத்த கடிகாரத்தை எவர்சில்வர் வாளிக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து கதவைத் தட்டுவார், இவள் எழுந்திருக்க மாட்டாள்.

எங்கள் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை என்று கேள்விப்பட்டுத்தான் விண்ணப்பம் போட்டாளாம். மாறி மாறி வரும் நேரம், எங்கேயாவது ஒன்று தனக்குப் பொருந்தாதா என்ற நப்பாசை. சில வாரம் பொருந்தியது. மற்ற வாரங்களில் நான் மெமோ எழுதினேன்.

பதினொன்றாவது மெமோவின் கதை இது. ஒரு திங்கட்கிழமை, காலை ஷிஃப்ட். ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் அளவு எழுதியிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தாலும் எழுதியிருக்கிறாள். ஏழரை மணிபோல் குளோரின் சிலிண்டர் தீர்ந்துபோனது. மாற்று சிலிண்டருக்குத் தானாக மாற வேண்டிய வால்வு இறுகிக்கொண்டு மாறவில்லை. எட்டு மணி அளவை எடுத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். எட்டு மணிக்கு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, கையில் குப்பியோடு, மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கும் அப்படியே.

பம்ப் அண்ணன் தற்செயலாக எட்டிப் பார்த்தவர், அவளை உலுக்கிவிட்டு வால்வுக்கு ஓடினார். வெளியே போகும் குழாயை மூடினோம். குளோரின் சரியாகும் வரை, பகல் பன்னிரண்டு வரைக்கும் பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. யாருக்கும் எந்தக் கேடும் வரவில்லை. வராமல் போனது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

நான் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். எட்டு மணிக் கட்டமும் ஒன்பது மணிக் கட்டமும் காலியாக இருந்தன.

"எழுதலையா?" என்று கேட்டேன்.

"பார்க்கலை சார். பார்க்காததை எப்படி எழுதறது?"

வேறு யாராக இருந்தாலும் புள்ளி ஐந்து, புள்ளி ஐந்து என்று இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிட்டுத்தான் பதிவேட்டை நீட்டியிருப்பார்கள். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், விளக்கம் சரியில்லை என்றால் வேலை இல்லை, அதுவரை வர வேண்டாம் என்று எழுதிக் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிப் படித்தாள். படிக்கும்போதே கண் சொருகியது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குப் போய் மெமோவைக் கணவரிடம் காட்டியிருக்கிறாள். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை இடம் இருக்கு, நீ வேலைக்குப் போகாத இடம்?" என்று மட்டும் கேட்டாராம். தெருமுனையில் இருக்கும் அக்கா செய்தி கேட்டு வந்துவிட்டாள்.

"குடிக்கிற தண்ணில விளையாடியிருக்க. சனியனே, உன்னைத் திருத்தவே முடியாதா?"

"தூக்கம் வந்துச்சுக்கா."

"எல்லாருக்கும்தான் தூக்கம் வருது. நாங்க எல்லாம் தூங்கிட்டா அலையறோம்?"

அக்கா போனதும் அவள் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் முன்னறைக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். அலமாரித் துணியை எல்லாம் இறக்கி மடித்து மறுபடி ஏற்றினாள். படுத்தாள், எழுந்தாள். விளக்கம் எழுத வெள்ளைத் தாளை எடுத்து 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதுவாள், அதற்கு மேல் ஓடாது. அப்படி நான்கு தாள்.

மறுநாள் சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஒன்பது வயது. அம்மாவின் கதை எதுவும் அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும். பையை இறக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும் என்றாள். தலைப்பு: சூரியக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த கோள், ஏன்?

"எது பிடிக்கும்னு நீதான் சொல்லணும்" என்றாள் அம்மா.

"தெரியலையே. அதுக்குத்தான் லைப்ரரி புக் எடுத்துட்டு வந்தேன்."

இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அம்மா நின்றுகொண்டாள் என்பதுதான் சரி. பெரிய படங்கள் போட்ட புத்தகம்.

"சனி எடுத்துக்கோயேன். வளையம் இருக்கு, பார்க்க அழகா இருக்கு."

"வகுப்புல பாதிப் பேரு அதைத்தான் எடுத்திருக்காங்க. அப்புறம், அது பெரியம்மா உன்னைத் திட்டுற கோள்."

அம்மாவுக்கு இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"சரி, வியாழன்? பெருசு."

"பெருசா இருந்தா பிடிக்கணுமா? பெருசுங்கறது ஒரு காரணமா?"

யுரேனஸ் படுத்துக்கொண்டே உருள்கிறது என்று படித்தார்கள். "இது நீதாம்மா" என்றாள் மகள். நெப்டியூனைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டே இருக்கும் இடத்தைச் சொன்னார்கள் என்று படித்தார்கள். கணக்கு என்றதும் மகள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். வெள்ளி, பூமி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை கண்டுபிடித்தாள். எந்தக் கோளும் அவளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அம்மாவைப் போலத்தான்.

புத்தகத்தின் கடைசியில் ஓர் அட்டவணை. எட்டுக் கோள்களுக்கும் எடை, தூரம், ஒரு வருடம் எவ்வளவு, ஒரு நாள் எவ்வளவு. பரிசோதனை அறையில் வேலை பார்ப்பவளின் கண் அட்டவணையைக் கண்டால் கட்டம் கட்டமாகத்தான் இறங்கும். ஒரு நாள் என்ற வரிசையில் அவள் விரல் இறங்கி வந்து ஓர் இடத்தில் நின்றது. செவ்வாய். ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து இருபத்து நான்கு மணி, முப்பத்தொன்பது நிமிடம், சொச்சம்.

"இரு வரேன்" என்று உள்ளே போனாள். போனவள் வரவில்லை.

அதற்கு நான்கு வருடம் முன்னால் ஒருமுறை, வடிகட்டித் தொட்டியின் ஓரத்துப் பாசியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த இரண்டு மாதமும் அவளை யாரும் எழுப்பவில்லை. அடிபட்டவள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக உடம்பு கேட்ட நேரத்துக்குத் தூங்கினாள், கேட்ட நேரத்துக்கு விழித்தாள். சும்மா கிடக்கக் கை பரபரத்ததால், வேலை இடத்துப் பழக்கத்தில், தூங்கிய நேரமும் விழித்த நேரமும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். எழுதிப் பார்த்தபோது பயந்துபோனாள். தினமும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிக்கொண்டே போய், இரவைத் தாண்டி, காலையைத் தாண்டி, பகலைத் தாண்டி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி பழைய இடத்துக்கு வந்திருந்தது. கால் குணமானதும் நோட்டை மகளின் பழைய துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்ற பயம்.

அன்றைக்கு அந்தத் துணி மூட்டையைப் பிரித்துப் போட்டு, நோட்டைத் தேடி எடுத்து, தரையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். மொத்தம் அறுபத்தோரு நாள். ஒரு நாளுக்கு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று வகுத்தாள். நாற்பது நிமிடம். மறுபடி வகுத்தாள். அதே நாற்பது.

கணவர் கடையை மூடிவிட்டு வந்தபோது வீடு முழுக்கத் துணி இறைந்து கிடந்தது. மகள் தனியாக மேஜையில் இருந்தாள்.

"அம்மா எங்க?"

"செவ்வாய்ல" என்றாள் மகள்.

அவர் கிழமையைச் சொல்கிறாள் என்று நினைத்து, "இன்னைக்கு செவ்வாய்தானே, அதுக்கென்ன?" என்றாராம். பிறகு உள்ளே போய் நோட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு நிமிடம் கணக்கான மனிதர் ஆயிற்றே. வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ பதினோரு வருஷமா நான் உன்னை எழுப்பினது எல்லாம்..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் எழுந்துபோய், இறைந்து கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை பகலில் அவளுடைய விளக்கம் என் மேஜைக்கு வந்தது. கணவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். கடிதம் இப்படி இருந்தது:

'மதிப்பிற்குரிய ஐயா, திங்கட்கிழமை காலை நான் தூங்கியது உண்மை. என் தவறால் என்ன நடந்திருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்குப் பள்ளியில், தனக்குப் பிடித்த கோளைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு உதவப் போய் எனக்கும் ஒரு கோள் பிடித்துவிட்டது. அது செவ்வாய். அங்கே ஒரு நாள் என்பது இருபத்து நான்கு மணி நாற்பது நிமிடம். என் உடம்பின் நாளும் அவ்வளவுதான் என்று தெரிகிறது. இத்துடன் ஒரு நோட்டை இணைத்திருக்கிறேன். அது நான்கு வருடம் முன்பு எழுதியது, இந்தக் கடிதத்துக்காக எழுதியது அல்ல. வேலையைத் திருப்பித் தரும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை யாராவது ஒருவர் படித்துப் பார்த்தால் போதும்.'

படித்ததும் எனக்குக் காது சூடானது. நக்கல் செய்கிறாள் என்றே நினைத்தேன். பம்ப் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"செவ்வாயா? அன்னைக்கு எனக்கு வார லீவு சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

நோட்டைத் தூக்கி மேஜை ஓரத்தில் போட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஆனால் நான் அட்டவணை போடுகிறவன். எண்கள் வரிசையாகக் கிடந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் நோட்டைப் புரட்டினேன். நோட்டு பழையது என்று பார்த்தாலே தெரிந்தது. கால் முறிந்த வருடத்துத் தேதிகள். மை மங்கி, சில பக்கங்களில் மாவுக் கட்டின் வெள்ளைத் தூள்கூட ஒட்டியிருந்தது. ஒரு வரைபடத் தாளை எடுத்தேன். நாட்களை மேலிருந்து கீழாக வைத்து, ஒவ்வொரு நாளும் அவள் தூங்கிய நேரத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன்.

இருபது புள்ளி வைத்தபோது கையில் இருந்த சோறு காய்ந்துவிட்டது. கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு சாய்ந்த கோடு. தாளின் வலது ஓரம் வரை போய், மறுபடி இடது ஓரத்தில் தோன்றி, அதே சாய்வில் இறங்கியது. முப்பத்தேழு நாளுக்கு ஒருமுறை ஒரு சுற்று. சோம்பேறித்தனம் இப்படிக் கோடு போடாது. மனிதர்கள் பொய் சொன்னால் எண்கள் முழு மணியிலும் அரை மணியிலும் போய் நிற்கும், இருபது வருடமாகப் பதிவேடு பார்க்கிறேன், எனக்குத் தெரியும். இவை நிற்கவில்லை.

பீரோவைத் திறந்து அவளுடைய பழைய மெமோக்களை எடுத்தேன். பத்துத் தேதிகளையும் எழுதி இடைவெளியை எண்ணினேன். முப்பத்தெட்டு நாள். எழுபத்தைந்து நாள். முப்பத்தாறு. எல்லாம் ஒத்துவரவில்லை, ஆனால் பெரும்பாலானவை ஒத்துவந்தன. நான் தண்டித்தது ஒரு பெண்ணின் உடம்பு ராத்திரி என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வேலைக்கு வந்ததை. வந்ததை. அவள் ஒவ்வொரு முறையும் வந்திருந்தாள், தாமதமாகவாவது.

அன்றைக்குச் சாயங்காலம் வரை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தேன். ஐந்து மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வாம்மா. காலைல."

"நாளைக்குக் காலைல பொண்ணு வகுப்புல பேசறா சார். பெத்தவங்களும் வரலாம்னு சொல்லியிருக்காங்க. அதைப் பார்த்துட்டு வரட்டுமா?"

"உனக்கு அந்த நேரம் ராத்திரியாச்சேம்மா" என்றேன்.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆமா சார்" என்றாள் பிறகு. அதை அவளிடம் சொன்ன முதல் வெளி ஆள் நானாம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. உட்காரச் சொன்னேன்.

"உட்கார்ந்தா தூங்கிடுவேன் சார்" என்று நின்றாள். வகுப்பிலும் பின்சுவரில் சாய்ந்து, உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டு நின்றேதான் கேட்டிருக்கிறாள்.

"பொண்ணு நல்லாப் பேசினாளா? செவ்வாய்தானே?"

"இல்ல சார். செவ்வாய் வேணாம்னுட்டா. அது உன்னோடதுன்னுட்டா. அவ புதன் எடுத்தா."

புதனில் சூரியன் ஒருமுறை உதித்து மறுபடி உதிப்பதற்குள் அது சூரியனை இரண்டு தடவை சுற்றிவிடுகிறதாம். அதாவது ஒரு நாளுக்குள் இரண்டு வருடம். அங்கே இருந்தால் ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள் வரும் என்று அந்தப் பெண் சொன்னபோது வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது. அதற்கு அடுத்து அவள் சொன்னதை இவள் என்னிடம் சொல்லத் தடுமாறினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து சொன்னாள்.

"'என் அம்மா எப்போ எந்திரிப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. புதன்ல இருந்தா அவங்க எவ்வளவு நேரம் தூங்கினாலும் எந்திரிக்கும்போது அதே நாள்தான் இருக்கும். நாங்க எங்கயும் போயிருக்க மாட்டோம்'னு சொன்னா சார்."

நான் மேஜையில் இருந்த வரைபடத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள். தன் தூக்கத்தைக் கோடாக அவள் அதுவரை பார்த்ததில்லை.

"இவ்வளவு நேரா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு நடந்தவை எதுவும் சீக்கிரம் நடக்கவில்லை. நிலையத்து டாக்டர், தூக்கத்துக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் கடிகாரம் போன்ற ஒரு கருவியை அவள் கையில் கட்டி ஆறு வாரம் விட்டார். கருவியும் அதே கோட்டைத்தான் போட்டது. இப்படி ஒரு கோளாறு உண்டு என்றும், பார்வை இல்லாதவர்கள் சிலருக்கு வரும் என்றும், பார்வை உள்ளவர்களுக்கு மிக அபூர்வம் என்றும் அவர் விளக்கினார். கூடப் போயிருந்த கணவர், "நான் கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன் டாக்டர், பார்வையில கோளாறு இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாராம், ரொம்பத் தீவிரமாக. காலையில் பிரகாசமான விளக்கின் முன்னால் உட்காரச் சொன்னார்கள். சாயங்காலம் மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம். கோடு கொஞ்சம் வளைந்தது, நிமிரவில்லை. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றார் டாக்டர். இவளுக்குக் கேட்கவில்லை.

அந்த ஆறு வாரமும் நான்கு மாதமும் சம்பளம் இல்லாத விடுப்பில் இருந்தாள். நான் அந்த நான்கு மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். முப்பத்தேழு நாளில் ஒரு சுற்று என்றால், மூன்று ஷிஃப்டுக்குப் பங்கு போட்டால் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நாள், ஒன்றில் மட்டும் பதின்மூன்று. வாரத்துக்கு ஒருமுறை மாற்றாமல், அவளுக்கு மட்டும் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால், காலை, மதியம், இரவு என்று அவள் தூக்கத்துக்கு முன்னாலேயே ஷிஃப்டும் நகர்ந்துகொண்டு போகும். ஒருபோதும் மோதாது. தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

தலைமைப் பொறியாளர் நம்பவே இல்லை.

"ஒருத்தருக்காகத் தனி அட்டவணையா? நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு கோளைச் சொல்லிக்கிட்டு வருவாங்க."

"வரட்டும் சார். இதே மாதிரி அறுபது நாள் எழுதிக் கொண்டுவரட்டும்" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதலும் கடைசியும்.

வால்வை யார் கவனித்திருக்க வேண்டும் என்ற கேள்வியையும் அன்றைக்குத்தான் கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய வால்வு அது, ஒரு வருடமாக யாரும் பார்க்கவில்லை. அதைக் கேட்டதும் பொறியாளர் பேனாவை எடுத்தார். மூன்று மாதம் பரிசோதனையாக அனுமதித்தார். சக ஊழியர்களிடமிருந்துதான் முணுமுணுப்பு வரும் என்று பயந்தேன். எல்லோருக்கும் வரும் இரவு ஷிஃப்ட் அவளுக்கும் குறையாமல், அதுவும் தொடர்ந்து பன்னிரண்டு நாள் வருகிறது என்று தெரிந்ததும் முணுமுணுப்பு அடங்கியது. பம்ப் அண்ணன் மட்டும் ஒருநாள் அவளிடம் போய், "அரைமணின்னு தப்பாப் பேரு வெச்சுட்டேன்மா. நாப்பது நிமிஷம்னு வெச்சிருக்கணும்" என்றார். அது அவர் மன்னிப்புக் கேட்கும் முறை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் பேருந்து காரணம்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வேலை பொருந்தியது, வீடு பொருந்தவில்லை. முப்பத்தேழு நாளில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்தான் அவளும் கணவரும் மகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்து ஒரே நேரத்தில் தூங்குவது. மற்ற நாட்களில் அவள் எழும்போது அவர்கள் படுக்கப்போவார்கள், அல்லது பள்ளியும் கடையுமாக வெளியே போயிருப்பார்கள். யாருமில்லாத வீட்டில் விழித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள். மகள் ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே படுத்து, அசைத்தும் எழாமல் தூங்கிப்போனாள். அதற்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா இன்றுவரை நம்பவில்லை. "வேலை செய்ய வலிக்குதுன்னா அதுக்கு ஒரு பேரு, தூங்கணும்னா அதுக்கு ஒரு பேரு, டாக்டருங்களுக்கு வேற பொழப்பு என்ன?" என்கிறாள். ஆனால் இப்போது வந்தால் கதவை மெதுவாகத் திறக்கிறாளாம்.

மகளுக்குப் பதினைந்து வயது. புதன் எல்லாம் போய், இப்போது கோள்களைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறாள்.

போன மாதம் நான் இரண்டு மணி ஷிஃப்டில் பரிசோதனை அறைப் பக்கம் போனேன். அவள் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, "சார், உங்களுக்கு எந்தக் கோள் பிடிக்கும்?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, "பூமிதான்மா" என்றேன்.

"அது பிடிச்சு எடுத்தது இல்ல சார். பொறந்ததால வந்தது."

"எனக்கு இது சரியாத்தானேம்மா இருக்கு. இருபத்து நாலு மணி நேரம் போதுமா இருக்கு."

"போதும்கறது பிடிக்கறதா சார்?"

ஓய்வு பெற எனக்கு இன்னும் எட்டு மாதம். அதன் பிறகு எந்த நேரத்துக்கு எழுந்து எந்த நேரத்துக்கு எங்கே போவது என்று நானே இன்னும் அட்டவணை போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். மணி நான்கு அடித்தது. அவள் குப்பியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.